வீட்டிற்கு இணையம்: வேண்டிய கருவிகளும் மென்பொருளும்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் மூடப்பெற்றன. ஏப்ரல் 8ஆம் நாள் முதல் சிங்கப்பூர் மாணவர்களும் வீட்டிலிருந்தே கற்கலாயினர். அதுவரை வசதியுடையோர் வீட்டுப் பொருளாக எண்ணப்பட்டு வந்த இணையம், கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போன்ற கல்விப் பொருளாக ஒரு வாரத்தில் மாறிற்று. அவ்வாண்டு ஜூன் திங்களில் சபா மாநிலத்து மாணவி ஒருவர், தேர்வெழுத வேண்டிய அலை வீட்டில் கிடைக்காமையால் மரத்தின்மீது ஏறி இரவைக் கழித்த செய்தியை நாடே அறியும்.

அந்நாளில் தமிழாசிரியர்கள் இருவகை வீடுகளைக் கண்டனர். இணைப்பே இல்லாத வீடு ஒருவகை. கணினி உண்டு, கட்டணம் கட்டியாயிற்று, சுவரில் பெட்டியும் மின்னுகிறது. ஆயினும் பாடம் வந்து சேரவில்லை என்னும் வீடு மற்றொருவகை. முன்னதற்கு மருந்து பொருளும் அரசின் திட்டமும் ஆகும். பின்னதற்கு மருந்து அறிவு ஒன்றே. எந்தக் கருவி எந்த வேலையைச் செய்கிறது என்று அறியாமையால், பழுது ஓரிடத்தில் இருக்க, பணம் வேறோரிடத்தில் செலவாயிற்று. கூரை ஒழுகுவதற்குத் தரையை மெழுகிய கதை அது. பள்ளிகள் திறந்துவிட்ட பின்னரும் வீட்டுப்பாடமும் பள்ளி அறிவிப்பும் இணையத்தின் வழியே செல்வது நின்றுவிடவில்லை. ஆகவே இவ்வறிவு இன்றும் வேண்டப்படுவதே.

இணைப்பு என்பது தனிப்பொருள் அன்று

‘இணையம் வாங்க வேண்டும்’ என்று மக்கள் கூறுவர். அரிசி வாங்குவது போல ஒரே கடையில் ஒரே பொருளாக வாங்கத்தக்கது அன்று அது. தீயை அணைப்போர் வரிசையாக நின்று ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு வாளியை மாற்றுவர். இடையில் ஒருவர் கை ஓய்ந்தால் கடைசி ஆளுக்குத் தண்ணீர் வாராது. வீட்டு இணைப்பும் இத்தகையதே. அதனை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காண்பது எளிது. வெளியிலிருந்து வீடுவரை வரும் வழி முதலாவது. அவ்வழியில் வருவதை வீட்டுக் கருவிகளுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி இரண்டாவது. வீட்டினுள் பலர்க்கும் பகிர்ந்தளிக்கும் பெட்டி மூன்றாவது. கணினி அல்லது கைப்பேசியும் அதனுள் இயங்கும் மென்பொருளும் நான்காவது. இவற்றுள் முதல் மூன்றும் பெரும்பாலும் வன்பொருள். எனினும் மென்பொருளின்றி இவற்றுள் எதுவும் அசையாது.

முன்னாளைய வழி

1990ஆம் ஆண்டுகளில் மலேசிய வீடுகளுக்கு இணையத்தைக் கொண்டுவந்தது தொலைபேசிக் கம்பியே. மைமோஸ் நிறுவனம் நடத்திய ஜாரிங் முதலில் வந்தது. 1996இல் டிஎம்நெட் வந்தது. சிங்கப்பூரில் 1994இல் சிங்நெட் தொடங்கிற்று. வீட்டில் இருக்க வேண்டியவை நான்கு: கணினி, தொலைபேசிக் கம்பி, மோடம், கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும்.

மோடம் செய்த வேலை யாது? தொலைபேசிக் கம்பி மனிதர் குரலைக் கொண்டுசெல்லப் போடப்பட்டது. கணினியின் மொழியோ 0, 1 என்னும் இரண்டு எழுத்துகளால் ஆனது. இவ்விரண்டெழுத்து மொழியை ஒலியாக மாற்றி அனுப்பி, வரும் ஒலியை மீண்டும் எழுத்தாக மாற்றிக் கொடுத்தது மோடம். இணைப்பு ஏற்படும்போது அது கிறீச்சிட்டுக் கரகரத்த ஓசையை அக்காலத்தார் மறந்திரார். அஃது இரண்டு மோடங்கள் ஒன்றையொன்று அறிந்துகொண்ட உரையாடலாகும். இணையம் பயன்பாட்டில் இருக்கும்வரை அவ்வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வாராது.

அதன் வேகம் மிகுதியாகச் சென்றாலும் நொடிக்கு 56 கிலோபிட். இன்றைய கைப்பேசி எடுக்கும் நிழற்படம் 30 இலட்சம் பைட் அளவினது என்று கொண்டால், அம்மோடம் வழியே அது வந்துசேர ஏழு நிமிடங்களுக்கு மேலாகும். 2001இல் ஸ்ட்ரீமிக்ஸ் என்னும் பெயரில் வந்த இணைப்பு, அதே செப்புக் கம்பியில் குரல் செல்லாத உயர்ந்த அதிர்வெண்களைப் பயன்படுத்திற்று. அதனால் தொலைபேசியும் இணையமும் ஒருங்கே இயங்கின.

ஒளி வரும் வழி

இன்று நகரங்களிலும் பல சிற்றூர்களிலும் செப்பின் இடத்தை ஒளியிழை பிடித்துள்ளது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் யூனிஃபை தொடங்கிற்று. சிங்கப்பூரின் நாடளாவிய ஒளியிழைச் சேவையும் அவ்வாண்டிலேயே வந்தது. இதற்கு வித்திட்டவர் அறிஞர் சார்லஸ் காவ். கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால் ஒளியை நெடுந்தொலைவு செலுத்தலாம் என்று 1966இல் அவர் எடுத்துக்காட்டினார். 2009இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

ஒளியிழை என்பது தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழை. அதனுள் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீட்டர் விரைவில் ஓடும். ஒளி தோன்றுவதும் மறைவதுமே 1, 0 என்னும் எழுத்துகள். வீடுகளுக்கு வரும் இணைப்பில் ஒரே இழையில் வருவதும் போவதும் நிகழ்கின்றன. வருவதற்கு ஓர் அலைநீளமும் போவதற்கு மற்றோர் அலைநீளமும் அமைந்திருத்தலால் அவை மோதுவதில்லை. தெருவில் வரும் ஓரிழையின் ஒளியைப் பிரித்துப் பல வீடுகளுக்கு அளிப்பதும் வழக்கம்.

வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் சிறிய பெட்டியில் ஒளி மின்குறியாக மாறுகிறது. இதற்கு ஒளியிழை முனையம் என்பது பொருத்தமான பெயர். மக்கள் வழக்கில் இதுவும் மோடம்தான். இப்பெட்டியைப் பெரும்பாலும் சேவை நிறுவனமே கொடுக்கும். கடையில் வேறொன்று வாங்கி மாட்ட இயலாது. நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள பெட்டிக்கே வழி திறக்கும்.

இது குறித்து மூன்று செய்திகளை வீட்டார் அறிந்திருத்தல் நலம். ஒளியிழையைக் கூர்மையாக மடித்தல் ஆகாது. மடிப்பில் ஒளி வெளியே கசிந்துவிடும், இழை முறியவும் கூடும். கழன்ற இழையின் முனையைக் கண்ணருகே வைத்து நோக்குதல் கூடவே கூடாது. ஒளி தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று பொருளன்று. மூன்றாவது, மின்சாரம் நின்றால் இப்பெட்டியும் நின்றுவிடும். பழைய செப்புத் தொலைபேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது; ஆகவே வீடு இருண்டபோதும் அது பேசிற்று. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

தோட்ட அலுவலகமும் திசைவியும்

மூன்றாவது பகுதி, கடைகளில் ரௌட்டர் என்று விற்கப்படும் திசைவி. சில வீடுகளில் ஒளிப்பெட்டியும் திசைவியும் ஒரே கூட்டினுள் அமைந்திருக்கும். ஒரு கூடாயினும் தொழில் இரண்டு என்பதை மறத்தலாகாது.

பழைய தோட்ட வாழ்க்கையை அறிந்தவர்க்குத் திசைவியின் தொழிலை விளக்குதல் எளிது. தோட்டத்தில் நூறு லயத்து வீடுகள் இருக்கும். அஞ்சல் நிலையத்துக்குத் தெரிந்த முகவரியோ ஒன்றே. அது தோட்ட அலுவலகத்தின் முகவரி. கடிதங்கள் யாவும் அங்கே வந்து சேரும். எந்தக் கடிதம் எந்த வீட்டுக்கு உரியது என்று கிராணியார் அறிவார், பிரித்துக் கொடுப்பார். லயத்து வீட்டின் எண் தோட்டத்துக்குள் மட்டுமே செல்லும். அடுத்த தோட்டத்திலும் அதே எண்ணுள்ள வீடு இருக்கலாம். அதனால் குழப்பம் நேர்வதில்லை.

திசைவியே இணையத்தின் கிராணியார். சேவை நிறுவனம் வீட்டுக்குக் கொடுக்கும் முகவரி பெரும்பாலும் ஒன்றே. வீட்டினுள் தந்தையின் கைப்பேசி, மகளின் கணினி, தொலைக்காட்சி என ஐந்தாறு கருவிகள் இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் உள்முகவரியைத் திசைவி கொடுக்கிறது. புதிய கருவி உள்ளே வந்தவுடன் தானாகவே ஓர் எண்ணை ஒதுக்குவதும் அதன் வேலையே. மகளின் கணினி ஒரு பக்கத்தைக் கேட்டால், கேட்டவர் இன்னார் என்று தன் ஏட்டில் குறித்துக்கொண்டு, வீட்டின் பொது முகவரியிலிருந்து வினாவை வெளியே அனுப்பும். விடை வந்ததும் ஏட்டைப் பார்த்து உரியவர்க்குச் சேர்ப்பிக்கும்.

இவ்வேற்பாடு ஏன் தேவைப்பட்டது? இணைய முகவரிகள் தொடக்கத்தில் 32 பிட் அளவினவாக வகுக்கப்பட்டன. அவற்றால் கிடைக்கும் எண்கள் 4,294,967,296. ஏறத்தாழ 429 கோடி. உலக மக்கள்தொகையோ 800 கோடியைக் கடந்துவிட்டது. ஒருவர்க்கே இரண்டு மூன்று கருவிகளும் உள்ளன. 128 பிட் கொண்ட புதிய முகவரி முறையும் இப்பொழுது பரவிவருகிறது. ஆயினும் பழைய முறையும் கிராணியார் தொழிலும் இன்னும் நிலைத்துள்ளன.

திசைவி வாயிற்காவலும் ஆகும். உள்ளிருந்து எவரும் கேளாத செய்தி வெளியிலிருந்து தானே வந்தால் அதைப் பெரும்பாலும் உள்ளே விடாது. இக்காவலைக் கெடுப்பது எது? பெட்டி வரும்போது தொழிற்சாலையில் இட்ட பொதுவான கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதே. பூட்டை வாங்கி, அதன் சாவியையும் வாயிலிலேயே தொங்கவிட்டதற்கு அது நிகர். திசைவியின் அமைப்புப் பக்கத்துக்கு ஒரு கடவுச்சொல்லும், கம்பியில்லா இணைப்புக்கு வேறொரு கடவுச்சொல்லும் வேண்டும். பூட்டுமுறையாக டபிள்யூபிஏ 2 அல்லது 2018இல் வந்த டபிள்யூபிஏ 3 அமைந்திருத்தல் வேண்டும்.

சுவரும் தகரமும் மறைக்கும் அலை

வீட்டினுள் செய்தி செல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கம்பி, மற்றொன்று வைஃபை எனப்படும் வானொலி அலை. எட்டு மெல்லிய செப்புக் கம்பிகளை நான்கு இணைகளாக முறுக்கிய வடம் கணினியையும் திசைவியையும் இணைக்கும். நூறு மீட்டர் வரையில் அது தளராது. ஓரிடத்தில் நிலையாக இருக்கும் கணினிக்கு இதைவிட உறுதியான வழி வேறில்லை, செலவும் குறைவு.

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் பெரிதும் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்சு அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் செல்லும். ஆனால் அக்கம்பக்கத்து வீட்டுத் திசைவிகளும் நுண்ணலை அடுப்பும் அதே வரிசையைப் பயன்படுத்துதலால் அங்கு நெரிசல் மிகுதி. 5 கிகாஹெர்ட்சு அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். வேகம் மிகுதி, எட்டும் தொலைவு குறைவு. திசைவி இருக்கும் அறையில் இரண்டாவதையும், தொலைவான அறையில் முதலாவதையும் கொள்ளுதல் தக்கது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் பிள்ளையின் பாடம் அறுந்து அறுந்து வருகிறது. தந்தை திங்கள்தோறும் கூடுதற் கட்டணம் செலுத்தி 300 மெகாபிட் இணைப்புக்கு மாறுகிறார். அப்பொழுதும் பாடம் அறுந்தே வருகிறது. திசைவி எங்கே உள்ளது? குழந்தைகள் கை படாதிருக்க இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டுள்ளது! உலோகம் வானொலி அலையைத் தடுக்கும். தகரச் சுவரும் பெரிய நிலைக்கண்ணாடியும் நீர்த்தொட்டியும் அவ்வாறே. பெட்டியை வெளியே எடுத்து, வீட்டின் நடுவில் ஆளுயரத்தில் வைத்திருந்தால் ஒரு காசும் செலவாகியிராது. தெருவரை அகலமான சாலை போட்டுவிட்டு வீட்டு வாசலைக் குறுக்கிவைத்தால் யாது பயன்?

ஒளியிழை எட்டாத இடங்கள்

எல்லா வீட்டுக்கும் ஒளியிழை வந்துவிடவில்லை. தோட்டங்கள் தனியார் நிலமாதலால் கம்பம் நாட்டவும் குழாய் பதிக்கவும் உரிமையாளர் இசைவு வேண்டும். வீடுகள் சிலவே இருப்பின் நிறுவனத்துக்குச் செலவு கட்டுப்படியாவதும் அரிது. 2020இல் அரசு ஜெண்டேலா என்னும் பெயரில் தொடங்கிய திட்டம், ஒளியிழையையும் கைப்பேசி அலையையும் விரிவுபடுத்த எழுந்ததே.

இத்தகைய இடங்களுக்கு முதல் வழி கைப்பேசி அலை. சிம் அட்டை செருகும் திசைவி கடைகளில் கிடைக்கும். வாங்குமுன் ஆராய வேண்டியது, எந்த நிறுவனத்தின் கோபுரம் அருகில் உள்ளது என்பதே. கைப்பேசியைக் கையில் கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, அலை மிகுந்த சன்னலைக் கண்டறிந்து திசைவியை அங்கே வைத்தல் வேண்டும். வெளியே கம்பத்தில் அலைவாங்கி மாட்டும் வசதியுள்ள பெட்டியாயின் இன்னும் நன்று. மலேசியாவில் மூன்றாம் தலைமுறை அலை 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. ஆதலால் நான்காம் தலைமுறை அலையை ஏற்காத பழைய பெட்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குதல் வீண்செலவு.

இரண்டாவது வழி செயற்கைக்கோள். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோள்களுக்கு வினா சென்று விடை திரும்ப அரை நொடியாகும். உரையாடிக் கற்பிக்க அஃது இடையூறே. 2023 ஜூலையில் மலேசியாவுக்கு வந்த ஸ்டார்லிங்க் சேவையின் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் இத்தாமதம் பெரிதும் குறைந்தது. ஆனால் தட்டுக்கு மறைப்பற்ற வானம் வேண்டும். செம்பனை ஓலைகள் கவிந்த இடத்தில் அது பயன்படாது.

மின்னலும் மின்மாற்றியும்

உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. ஒளியிழை மின்னலைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் பெட்டிக்குச் செல்லும் மின்கம்பியும், வெளியிலுள்ள அலைவாங்கியின் கம்பியும் கடத்தும். மின்னெழுச்சித் தடுப்பான் உள்ள செருகுபலகை வாங்குதல் சிறு செலவு. இடி முழங்கும்போது செருகியைக் கழற்றிவிடுதல் செலவற்ற காப்பு. பெட்டியுடன் வரும் மின்மாற்றிகளை மாற்றிப் பொருத்துதலும் தீது. செருகி பொருந்துகிறது என்பதால் மின்னழுத்தமும் பொருந்தும் என்பதில்லை. 5 வோல்ட்டுக்கு உரிய பெட்டியில் 12 வோல்ட்டைச் செலுத்தினால் பெட்டி கருகும். மின்மாற்றியின் மீதே பெட்டியின் பெயரை எழுதி ஒட்டிவைத்தல் நல்ல பழக்கம்.

காணா உழைப்பாளியாகிய மென்பொருள்

இனி மென்பொருளைக் காணலாம். கருவி உடல் எனின் மென்பொருள் அதற்குக் கற்பிக்கப்பட்ட பாடமாகும். இணைப்புக்கு வேண்டிய முதல் மென்பொருள் கணினியின் இயக்க மென்பொருள். அதனுள் டிசிபி, ஐபி என்னும் இரண்டு நெறிமுறைகள் அடங்கியுள்ளன. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய அறிஞர் இருவர் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இவற்றின் அடிப்படை அமைந்தது.

ஒரு நீண்ட கட்டுரையை அஞ்சலட்டைகளில் மட்டுமே அனுப்பலாம் என்பது விதியாயின் என் செய்வது? துண்டு துண்டாக எழுதி, ஒவ்வோர் அட்டையிலும் முகவரியும் வரிசை எண்ணும் இடல் வேண்டும். பெறுபவர் எண்ணைப் பார்த்து அடுக்கிப் படிப்பார்; பதினேழாம் அட்டை வரவில்லை எனின் அதை மட்டும் மீண்டும் கேட்பார். இணையம் செய்வதும் இதுவே. ஒவ்வொரு பொதியும் பொதுவாக 1,500 பைட்டுக்கு மேற்படுவதில்லை. மேலே சொன்ன 30 இலட்சம் பைட் நிழற்படம் ஏறத்தாழ இரண்டாயிரம் பொதிகளாகப் பிரிந்து வந்து, கணினியில் ஒன்றுசேர்கிறது. முகவரியிட்டு அனுப்புவது ஐபியின் வேலை. எண்ணி அடுக்கிக் குறையைக் கேட்டு வாங்குவது டிசிபியின் வேலை. நேரலைப் பாடத்தில் மட்டும் விடுபட்ட பொதியைக் கேட்டுக் காத்திருக்க நேரமில்லை. விட்டுவிட்டு மேற்செல்வதே அங்கு முறை. ஆசிரியர் குரல் இடையிடையே விழுங்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

1990ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் வீட்டுக் கணினியில் இந்நெறிமுறைகள் இயல்பாக அமைந்திருக்கவில்லை. தனியே தேடிப் பதிக்க வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோசு 95இலிருந்து அவை இயக்க மென்பொருளின் உறுப்பாயின. இன்று எவரும் அவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது மென்பொருள் உலாவி. பக்கத்தைக் கேட்டு வாங்கிக் கண்முன் விரித்துக் காட்டுவது அதுவே. வலைப்பக்கம் என்னும் ஏற்பாட்டை 1989இல் முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ் லீ. உலாவியில் ஒரு பெயரைத் தட்டியவுடன், அப்பெயருக்குரிய எண் முகவரி யாது என்று பெயரேட்டு வழங்கியிடம் கேட்கப்படுகிறது. அவ்வழங்கி தொலைபேசிப் புத்தகம் போன்றது. இணைப்பு நன்றாயிருந்தும் பெயரேடு கிடைக்கவில்லையாயின் எப்பக்கமும் திறவாது.

மூன்றாவது, காவல். இதற்கு முதற்படி இயக்க மென்பொருளை அவ்வப்பொழுது புதுப்பித்தலே. விண்டோசு 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. நன்கொடையாகப் பெற்ற பழைய கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பள்ளிகள் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கணினி இயங்கும், ஆனால் காவல் தளர்ந்திருக்கும்.

தமிழுக்கு வேண்டிய மென்பொருள்

தமிழ்ப் படிப்போர்க்கு நான்காவது ஒன்றும் வேண்டும். அஃது எழுத்துருவும் விசைப்பலகையும். இணையத்தில் தமிழை ஏற்றிய முயற்சியில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தனியிடம் உண்டு. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் வலையில் ஏறியபோது தமிழும் அங்கு இடம்பெற உழைத்தவர் நா. கோவிந்தசாமி. இணையம் என்னும் சொல்லையும் அவர் கொடையாகவே போற்றுவர். 1997இல் தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில் கூடிற்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல், தமிழைத் தட்டெழுதப் பலர்க்கும் வழிகாட்டிற்று.

அந்நாளில் ஒவ்வொருவர் எழுத்துருவிலும் ஒவ்வோர் எண்முறை இருந்தது. ஒருவர் ‘அ’ என்று அனுப்பியது, அவ்வெழுத்துரு இல்லாத மற்றவர் கணினியில் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றிற்று. யூனிகோடு என்னும் ஒருங்குகுறி முறை பரவியபின் இத்தொல்லை தீர்ந்தது. உலகின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வகுக்கும் அம்முறையில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. இன்றைய கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத்துரு பெரும்பாலும் உடன்வருகிறது. விசைப்பலகையை மட்டும் மொழி அமைப்பில் சென்று சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பணங்கொடுத்து வாங்கவேண்டியது யாதுமில்லை.

பிட்டும் பைட்டும்

கட்டணச் சீட்டில் மக்களை மயக்குவது அளவுச்சொல். இணைப்பின் வேகத்தை நிறுவனங்கள் பிட் கணக்கிலும், கோப்பின் அளவைக் கணினி பைட் கணக்கிலும் கூறும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்டே ஆகும். நேரலைப் பாடம் ஒன்றுக்கு நொடிக்கு 2 மெகாபிட் செலவாவதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் 7,200 மெகாபிட். எட்டால் வகுக்க 900 மெகாபைட். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிக்கும் இரண்டு பிள்ளைகள் 5,400 மெகாபைட்டைச் செலவிடுவர். 20 கிகாபைட் அளவுள்ள கைப்பேசித் திட்டம் நான்காம் நாள் முடியுமுன்னரே தீர்ந்துவிடும். திங்கள் முழுவதற்கும் என்று வாங்கியது வாரத்துக்கும் போதாமற்போவதன் மருமம் இதுவே. இக்கணக்கை ஐந்தாம் ஆண்டு மாணவரே போடலாம்.

இணைப்பு அறுந்தால்

பழுதைத் தேடுவோர் வாளி வரிசையை வெளியிலிருந்து உள்நோக்கிப் பார்த்து வருதல் வேண்டும். முதலில் பெட்டிகளில் மின்விளக்கு எரிகிறதா என்று காண்க. அடுத்து, ஒளிப்பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவந்து மின்னுகிறதா என்று நோக்குக. மின்னினால் ஒளி வீட்டுக்கு வரவில்லை என்பது பொருள். இழை கழன்றிருக்கலாம், மடிந்திருக்கலாம், தெருவில் அறுந்திருக்கலாம். நிறுவனத்துக்கு அறிவிப்பதே வழி. திசைவியை மாற்றுவதாலோ கணினியைப் பழுதுபார்ப்பதாலோ பயனில்லை.

அவ்விளக்கு அணைந்தே இருந்து, இணையம் மட்டும் வாராதாயின் இரண்டு பெட்டிகளையும் அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, ஒளிப்பெட்டியை முதலிலும் திசைவியைப் பின்னரும் இயக்குக. பின்பு மற்றொரு கருவியில் பார்க்க. அதில் வருகிறது எனின் பழுது முதற் கருவியில். கம்பி வழியே நன்றாக வந்து வைஃபை வழியே வாராதாயின் பழுது திசைவியின் இடத்தில் அல்லது அலையில். எல்லாப் பக்கங்களும் திறந்து ஒன்று மட்டும் திறவாதாயின் பழுது வீட்டில் இல்லவே இல்லை. இவ்வளவும் பார்க்கப் பத்து நிமிடமாகும். ‘இணையம் வரவில்லை’ என்று முறையிடுவோர்க்கும், ‘சிவப்பு விளக்கு மின்னுகிறது’ என்று முறையிடுவோர்க்கும் வேறுபாடு பெரிது. பின்னவர் நேரே தெருவிலுள்ள இழையைச் சுட்டுகிறார்.

ஆசிரியர் ஆற்றக்கூடிய பணி

இவற்றையெல்லாம் பெற்றோர் ஒவ்வொருவரும் நூல் தேடிக் கற்பது அரிது. பள்ளியிலோ ஒளிப்பெட்டியும் திசைவியும் உள்ளன; ஆண்டுதோறும் பெற்றோர் ஆசிரியர் கூட்டமும் நடக்கிறது. அக்கூட்டத்தில் அரைமணி நேரத்தை ஒதுக்கி, பெட்டியின் மூடியைத் திறவாமலே அதன் விளக்குகளைக் காட்டி, இது ஒளி, இது கிராணியார், இது அலை என்று விளக்கிவிடலாம். மேல்வகுப்பு மாணவர்க்கு இதையே தமிழில் ஒரு பாடமாக்கினால், கலைச்சொல்லும் பயில்வர். வீட்டுக்குப் போய்த் திசைவியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்தும் வைப்பர்.

ஒளியிழை வாராத தோட்டத்துக்கு அதைக் கொண்டுவருதல் ஆசிரியரால் ஆகக்கூடியதன்று. வந்த ஒளி, வீட்டு வாசலோடு நின்றுவிடாமல் பிள்ளையின் மேசைவரை சென்று சேரச் செய்தல் அவரால் ஆகக்கூடியது.